குளிர்ச்சி என்றால் ஆகாது

ரத்தம் எட்டரையில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம் ஆகப்போகிறது. அடுத்த பரிசோதனைக்குள் ஏறாவிட்டால் இரும்புச்சத்தை பாட்டிலில்தான் ஏற்ற வேண்டும், அதற்கு மூன்று தடவை வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ரூத்துக்கு ஊசியைப் பற்றிப் பயமில்லை. அவள் பாடம் நடத்தும் மிஷன் பள்ளியில் தற்காலிக ஆசிரியைகளுக்குப் பேறுகால விடுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்பைத்தான் பிள்ளை பிறந்ததும் எடுத்துக்கொள்ளலாம். இப்போது விடுப்பில் போகிற ஒவ்வொரு நாளும் பிள்ளையோடு இருக்கும் நாட்களிலிருந்து போகிறது. அதனால் சாப்பிட்டே ரத்தத்தை ஏற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் சாப்பிடத்தான் யாரும் விடவில்லை.

அவள் கணவன் ஜெரால்ட் சீனாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவன். இங்கே டாக்டராகப் பதிவு செய்வதற்கான தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைக்குப் படித்துக்கொண்டிருந்தான். சிம்மக்கல்லில் அவர்களுடைய மாடி வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்காரர்கள் அவனை டாக்டர் தம்பி என்று கூப்பிட்டார்கள். ஆனால் தலைவலி வந்தால் வேறு டாக்டரிடம் போனார்கள். அவன் கைக்குக் கிடைத்த ஒரே நோயாளி ரூத்.

படிக்கும்போது அவன் வாடகைக்கு இருந்தது திருமதி லியூ என்ற அம்மாளின் வீட்டில். அந்த அம்மாளின் மருமகள் அப்போது கர்ப்பிணி. எந்த உணவுக்கும் ஒரு குணம் உண்டு, குளிர்ந்தது கர்ப்பப்பையைத் தளர்த்தும், அதிகச் சூடு கருவை அலைக்கழிக்கும், இதமான வெதுவெதுப்புதான் ரத்தத்தை ஊற வைக்கும் என்பது அந்த வீட்டுச் சமையலறையின் சட்டம். காலையில் மருமகளின் நாக்கின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் திருமதி லியூ அடுப்பைப் பற்றவைப்பாராம். ஜெரால்டும் தினமும் ரூத்தை ஜன்னலோரம் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னான்.

"அந்தப் பொண்ணுக்குக் கன்னம் ரெண்டும் ரோஸ் கலர்ல இருக்கும், ரூத்."

"அவ வேலைக்குப் போனாளா?"

"இல்ல. வீட்லதான் இருந்தா."

"அப்பக் கன்னம் ரோஸாத்தான் இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. வெள்ளரிக்காய், பாசிப்பயறு, நண்டு எல்லாம் நின்றன. டாக்டர் சாப்பிடச் சொன்ன முளைக்கீரையும் நின்றது. சீனாவில் கர்ப்பிணிகளுக்கு அதை அறவே கொடுக்க மாட்டார்கள் என்றான். முருங்கைக்கீரை சாப்பிடலாம் என்று அவள் நினைத்தபோது, அது சூடு, முட்டையும் ஈரலும் கூடச் சூடுதான் என்று பேரையூரிலிருந்து மாமியார் அற்புதமேரி போனில் தடுத்தார். ரூத் இட்லியும் தயிர்சாதமும் தின்றாள். பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே கண் இருட்டியது.

அம்மாவையும் தன் வழிக்குக் கொண்டுவந்துவிட ஜெரால்ட் வெள்ளிக்கிழமை அவரை போனில் கூப்பிட்டான். "அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. முளைக்கீரை, பாசிப்பயறு, வெள்ளரிக்கா, இளநீ, இதெல்லாம் குளிர்ச்சி. புரியுதா?" என்றான். அதற்குமேல் விளக்க அவசியம் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. அற்புதமேரி மிகுந்த சந்தோஷத்தோடு புரிகிறது என்றார்.

சனிக்கிழமை காலை அவர் ஒரு கட்டைப்பையும் ஒரு சாக்குமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜெரால்ட் விடியலிலேயே எழுந்து கோழி சூப் வைத்திருந்தான். திருமதி லியூ போடும் சிவப்புப் பழம் இங்கே கிடைக்காததால் பேரீச்சம்பழத்தைப் போட்டு, இஞ்சியையும் தட்டிப் போட்டு, சிறு தீயில் விட்டுவிட்டு முடிவெட்டப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அடுப்பில் கீரை கடைசலும் பாசிப்பருப்பும் இருந்தன. ரூத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"சூப்பு எங்கம்மா?"

"கொட்டிட்டேன். கோழி, இஞ்சி, அதுல பேரீச்சம்பழம் வேற. சூட்டுக்கு மேல சூடு. பிள்ளத்தாச்சிக்கு இதயாடா குடுப்ப?"

"கொட்டிட்டீங்களா? ரத்தம் ஊறுறதுக்கு வச்சதும்மா! இது என்ன? கீரையா? போன்ல அம்புட்டுத் தெளிவாச் சொன்னேன்ல, கீரை குளிர்ச்சின்னு!"

"அதான் ஒரு சாக்கு கொண்டாந்திருக்கேன்."

"குளிர்ச்சிம்மா!"

"ஆமாடா, குளிர்ச்சி! நானும் அதத்தான சொல்றேன்."

இருவருக்கும் விளங்கவில்லை. ரூத்துக்கு விளங்கியது.

"அத்தை, அவரு குளிர்ச்சின்னா ஆகாதுங்கிறாரு."

அற்புதமேரி மகனை ஏற இறங்கப் பார்த்தார். "குளிர்ச்சி ஆகாதா? இந்த மதுரை வெயில்லயா? அங்க பனி பேயும், அவுகளுக்கு ஆகாது. இவ என்ன ஐஸ் மேலயா படுத்துக் கெடக்கா? அம்புட்டுக் காசு செலவழிச்சு இதயா படிச்சுட்டு வந்த?"

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் ஜெரால்ட் ஒருவேளை யோசித்திருப்பான். அவன் கீரைச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிப்போய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தான். பாசிப்பருப்பையும் கவிழ்த்தான். பச்சைக் குழம்பு வடிகால் சல்லடையில் நின்று, மெல்லக் குமிழியிட்டு இறங்கியது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட இருக்கிறது சோறு மட்டுந்தான். சோறு சூடா, குளிர்ச்சியா?" என்று கேட்டாள் ரூத்.

"நடுத்தரம்," என்றான் ஜெரால்ட்.

"வடிச்ச சோறு ஒண்ணும் பண்ணாது தாயி. பழசுன்னாதான் குளிர்ச்சி," என்றார் அற்புதமேரி.

அவர்கள் உண்மையிலேயே பதில் சொன்னார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தட்டை வைத்துவிட்டு, டாக்டர் சீட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் சண்டை தொடர்ந்தது. இப்போது பேச்சு சூப்புக்கு வாங்கிய கோழியைப் பற்றி.

மருத்துவமனை கேன்டீனில் நின்றுகொண்டே இரண்டு அவித்த முட்டையும் ஒரு தட்டு ஈரலும் சாப்பிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேலே போனதும் நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "டேட்டுக்கு இன்னும் நாள் இருக்கேக்கா?" என்றார்.

"இருந்தாலும் ஏறாது. இன்னைக்கே போடுங்க. மிச்சத்தையும் திங்கள், புதன் போட்டு முடிச்சுருங்க."

பழுப்பு மருந்து குழாயில் இறங்கத் தொடங்கியதும் ஜெரால்ட் கூப்பிட்டான்.

"எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரியில. பாட்டில் ஏறுது."

பின்னணியில் அற்புதமேரி, "கேளுடா, கேளுடா," என்பது கேட்டது.

"வெறும் வயித்தோடயா? என்ன சாப்பிட்ட?" என்றான்.

அவள் போனை அணைத்தாள். பிறகு ஊசி குத்தாத கையால் தலைமையாசிரியை சிஸ்டருக்கு, திங்களும் புதனும் விடுப்பு வேண்டும் என்று செய்தி அனுப்பினாள். சனிக்கிழமை பள்ளி இல்லாததால் ஒரு நாள் மிஞ்சியது. உடனே பதில் வந்தது: சரி ரூத், ஜெபிக்கிறேன். அடுத்து இன்னொன்று: தினமும் ஒரு கட்டு முருங்கைக்கீரை சாப்பிடு, சூடு என்று யார் சொன்னாலும் கேட்காதே.

ரூத் இரண்டையும் படித்தாள். நன்றி சிஸ்டர் என்று முதல் செய்திக்கு மட்டும் பதில் எழுதினாள்.