நுனி கிள்ளிய மரங்கள்

சஹ்ரிலுக்குக் கைராசி இல்லை என்று ஊர் முடிவு கட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவனோடு ஒரே மழையில் கன்று நட்டவர்களின் குங்கிலிய மரங்கள் நெட்டுக்குத்தாக வளர்ந்து நின்றன. அவனுடையவை மட்டும் தலையுயரத்திலேயே கவைவிட்டு, நாலா பக்கமும் கிளை பரப்பி, குடை பிடித்துக்கொண்டு நின்றன. பிசின் எடுக்க நேரான அடிமரம் வேண்டும். இடுப்பில் பிரம்பு கட்டி ஏறுகிறவன் குழி வெட்டிக்கொண்டே மேலே போவான். சஹ்ரிலின் மரத்தில் இரண்டு குழி வெட்டுவதற்குள் கவை வந்துவிடும்.

"உன் மரத்துல ஏறப் பிரம்பு எதுக்குடா? ஒரு முக்காலி போதுமே" என்பார்கள் காப்பிக்கடையில். அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அம்மா ரோஹாயா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்வாள். மரங்களைக் கெடுத்தது அவன் கை அல்ல, அவளுடைய கை.

ரோஹாயா அவனைப் பெற்றவள் இல்லை. முதல் மனைவி இறந்து, நாலு வயதுச் சஹ்ரிலோடு அவன் அப்பா பஹ்சான் தடுமாறியபோது அந்த வீட்டுக்கு வந்தவள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அவள் வந்த முதல் வாரமே சஹ்ரில் அவளை அம்மா என்று கூப்பிட்டுவிட்டான், யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

அவனுக்குப் பதினாலு வயதில் மலைச்சரிவில் தோட்டம் போட்டார்கள். முதலில் நெல் விதைத்தார்கள். பிறகு ரோஹாயா காப்பி வைத்தாள். காப்பி தோளுயரம் வந்ததும் அதன் நிழலில் அப்பனும் மகனுமாக நூற்றிருபது குங்கிலியக் கன்றுகளை நட்டார்கள். இளங்கன்றுக்கு வெயில் ஆகாது, காப்பிதான் அதற்குத் தாதி. போகப்போக நிலைமை தலைகீழாகும். கன்று மரமாகி மேலே போய் வெயிலைப் பிடித்துக்கொள்ளும், காப்பிக்கு மிச்சம்மீதிதான். பஹ்சானின் குடும்பத்தில் ஒரு பேச்சும் இருந்தது. காப்பி காய்த்துக்கொண்டிருக்கும்வரை தோட்டம் காப்பி வைத்தவளுக்கு, அப்புறம் மூத்த மகனுக்கு.

கன்று நட்டு இரண்டே வருஷத்தில் பஹ்சான் காய்ச்சலில் போய்விட்டான். ஏழாம் நாள் சாப்பாட்டுக்குப் பின், கொல்லையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது, அவனுடைய அக்கா மஸ்னா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"காப்பி காய்க்கிறவரைக்கும் உனக்குக் கவலையில்ல ரோஹாயா. அப்புறம் அவன் ஒருத்தியக் கட்டிக்கிட்டு வருவான். அந்த வீட்டுல ரெண்டு அடுப்பு எரியாது. இப்பவே உன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த போட்டு வை."

"சரிங்க மதினி" என்றாள் ரோஹாயா.

மஸ்னா கெட்டவள் இல்லை. ஈரக்கையோடு தட்டை அடுக்கிக்கொண்டே ஒருத்தியின் உயிரை உருவிவிடுகிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைச் சொன்ன மறுநாளே அவர்களுக்கு அது மறந்தும் போகும். கேட்டவளுக்குத்தான் மறக்காது.

மறுநாள் ரோஹாயா தோட்டத்துக்குப் போய், முதல் கன்றின் நுனியைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினாள். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் கூடுதலாகக் காப்பிக்கு வெயில் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அந்த மாதத்துக்குள் நூற்றிருபதையும் கிள்ளிவிட்டாள். அடுத்த வருஷமும் கிள்ளினாள். கைக்கு எட்டாமல் போனபோது மூங்கில் கழியில் கொக்கிக் கத்தியைக் கட்டிக்கொண்டாள்.

"நுனியெல்லாம் ஒடிஞ்சு கிடக்குதேம்மா" என்று சஹ்ரில் வந்து கேட்டான்.

"குரங்கா இருக்கும்ப்பா."

அவன் கவண்கல்லோடு போய் ஒன்றரை மாதம் குரங்குக்குக் காவல் இருந்தான். அவனுக்கு அவள்தான் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினாள், சுட்ட மீனும் புளித்த டுரியான் பழச் சம்பலும் வைத்து. அந்த ஒன்றரை மாதமும் ஒரு நுனிகூட ஒடியவில்லை. தன் காவல்தான் காரணம் என்று அவன் நம்பினான்.

ஆனால் மரம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. நுனி போன மரம் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு நிற்கும், பிறகு ஒன்று இருந்த இடத்தில் மூன்று தலை எடுக்கும். மேலே போக வேண்டியது பக்கவாட்டில் போயிற்று. அடுத்தவர்கள் தோட்டத்தில் மரம் உயர உயரத் தழையும் மேலே போய், அடியில் சாய்வெயில் பாய் விரித்தது. அங்கே காப்பி குறைவாகவாவது காய்த்தது. இவள் தோட்டத்தில் நடுப்பகலே மங்கிக் கிடந்தது. காப்பி இலைகள் அகன்று மெலிந்து போயின, பூ அருகிப் போயிற்று. கன்று நட்ட பதிமூன்றாம் வருஷம் மொத்தமும் ஒரு கூடைதான் கிடைத்தது. கிள்ளியதால்தான் இருண்டது என்று அவளுக்கு வெகுநாள் முன்பே தெரியும். தெரிந்தபோது கைமீறிப் போயிருந்தது.

அந்த வருஷம் சஹ்ரிலுக்குப் பக்கத்து ஊரில் பெண் கேட்டார்கள். பெண்ணின் அப்பா தோட்டத்தை வந்து பார்த்துவிட்டு, "மரத்தையே நிமித்தி வளக்கத் தெரியாதவன் குடும்பத்த எப்படி வளப்பான்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சஹ்ரில் தலையைத் தூக்காமல் சொன்னான். "ஜாவாவுக்குப் போறேன்மா. அங்க ஒரு செருப்புத் தொழிற்சாலையில ஆள் எடுக்கிறாங்களாம். திங்கக்கிழமை துறைமுகத்துக்குப் பஸ். தோட்டத்த அத்தை மகன் பாத்துக்கட்டும், அவனுக்கு நல்ல கை. நான் தொட்டா மரம்கூடக் கூனிக்குது."

ரோஹாயா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். தன்னை அனுப்பிவிடுவான் என்றுதானே பதினோரு வருஷம் பயந்தாள். இப்போது அவனே போகிறான், அதுவும் தன் கை மேல் பழியைப் போட்டுக்கொண்டு. அது அவளால் தாங்க முடியவில்லை.

"வாப்பா, தோட்டம்வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்றாள்.

அங்கே போனதும் அவள் புதரில் ஒளித்து வைத்திருந்த மூங்கில் கழியை எடுத்து, கொக்கியை உயர்த்தி, ஒரு கிளையின் நுனியை இழுத்து அறுத்தாள். நுனி அவன் காலடியில் விழுந்தது.

"குரங்கு இல்லப்பா. நான்தான். எல்லாத்தையும் நான்தான்."

சஹ்ரில் விழுந்த நுனியையே பார்த்தான். "ஏம்மா?"

"காப்பி நின்னுட்டா எனக்கு இந்த வீட்டுல இடமில்லன்னு உங்க அத்தை சொன்னாங்க."

அவன் குனிந்து அந்த நுனியை எடுத்தான். பிறகு கடலைப் பார்த்த ஓரத்துக்கு நடந்தான். அவளும் பின்னால் போனாள். அந்த ஓரத்தில் மூன்று வரிசைக்கு மரமே கிடையாது, வெறும் புல். வருஷா வருஷம் அவன் அதைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தான்.

"இங்க ஏன் மரமில்லன்னு நெனச்ச?"

"பன்னி கன்னுகளத் தோண்டிப் போட்டிருக்கும்னு..."

"நாங்க இங்க நடவே இல்லம்மா. நான்தான் அப்பாகிட்டக் கேட்டு விடச் சொன்னேன். மரமெல்லாம் நேரா மேல போயிட்டா, சாயங்கால வெயில் கடல் பக்கத்துலேருந்து இந்த வழியா அடியில நுழையும், அம்மா காப்பி கடைசிவரைக்கும் காய்க்கும்னு. அப்பா சிரிச்சார். ஒங்க அம்மா, ஒன் மரம், என்னமோ பண்ணுன்னார்."

மணி நாலரை இருக்கும். வெயில் கடலிலிருந்து ஏறி அந்த மூன்று வரிசைப் புல்லிலும் நன்றாக விழுந்திருந்தது. முதல் மரத்தின் தாழ்ந்த கிளைகள்வரை வந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

ரோஹாயா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றான் சஹ்ரில். "நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்ச?"

அவன் கோபப்பட்டிருந்தால், கையை ஓங்கியிருந்தால்கூட, அவளால் தாங்கியிருக்க முடியும்.

திங்கட்கிழமை அவன் போனான். அவள் தடுக்கவில்லை, தடுக்க அவளுக்கு முகமில்லை. பஸ்ஸில் ஏறும் முன் அரிவாளை அவளிடம் கொடுத்தான். "கீழ்க் கிளையா பாத்துக் கழிச்சு விடும்மா. ஒரேயடியா வெட்டாத, திடீர்னு வெயில் பட்டா காப்பி கருகிடும். கொஞ்சம் கொஞ்சமா விடு."

அவள் அப்படியே செய்தாள். ஒரு மழைக்காலம் போய் அடுத்த கோடையில் முதல் இரண்டு வரிசைக் காப்பி வெள்ளை வெளேரென்று பூத்தது. தோட்டத்தைப் பார்க்க வந்த மஸ்னா, "பரவாயில்லையே ரோஹாயா, இன்னும் பத்து வருஷத்துக்கு உனக்குக் கவலையில்ல" என்றாள்.

பூத்த செய்தியைச் சஹ்ரிலுக்குச் சொல்லி அனுப்பினாள். சந்தோஷம் அம்மா என்று பதில் வந்தது, வருகிறேன் என்று வரவில்லை. அவள் தினமும் ஒரு ஆளுக்குத்தான் சோறு வைக்கிறாள். அந்த வீட்டில் ஒரே ஒரு அடுப்புதான் எரிகிறது.