நீலத் திரை விழுந்த மூன்று ஞாயிறுகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பதிவேட்டிலிருந்து கிடைத்தது. டெல்லி ஆர்.கே.புரத்தில் தெரிந்தவர் ஒருவர், தன் மடிக்கணினி எப்போதெல்லாம் படுத்துவிட்டது என்று தேதி, மணியோடு கட்டம் போட்டு எழுதிவைத்திருந்தார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'எடுக்கப்பட்ட நடவடிக்கை'. சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன். மற்றதெல்லாம் என் சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்த ஜூலையில் டெல்லி வெயில்' (வெயிலில் தொடங்காத டெல்லிக் கதை உண்டா? அடித்துவிட்டேன்.)

பிறகு இப்படி: 'ஜகந்நாதன் மத்திய அரசில் முப்பத்தொரு வருஷம் கோப்புப் பார்த்தவர்.' இது இருக்கட்டும்.

2

அவர் மகள் இந்திராணி புனேயில் வங்கி வேலையில் இருந்தாள். ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு மடிக்கணினியில் முகம் காட்டுவாள். 2006 ஜூலை இரண்டாம் தேதி அவள் முகம் தோன்றியதும் திரை நீலமாகி அணைந்தது. ஒன்பதாம் தேதியும் அப்படியே. பதினாறாம் தேதியும்.

முதல் வரைவில் இந்திராணிக்குக் காது கேட்டது. அப்படியானால் தொலைபேசி போதுமே என்று கதையும் படுத்துக்கொண்டது. அதனால் அவளைப் பிறவியிலேயே காது கேளாதவளாக்கினேன். கதை நிற்பதற்காக ஒரு பெண்ணின் காதைப் பறித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவளும் அம்மா சுந்தரவல்லியும் விரல்களால் பேசுவார்கள். எந்தப் பள்ளியும் கற்றுத்தராத, சமையலறையில் இருவரும் உண்டாக்கிய சைகைகள்.* ஜகந்நாதனுக்குப் பாதிதான் புரியும். பதினேழாம் தேதி மகள் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஆங்கிலம், தமிழில் தருகிறேன்: 'அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வழியாக வேண்டாம், அப்பா. என் கையால்தான் சொல்வேன். இந்த ஞாயிறு கட்டாயம்.'

* மூக்கைத் தொட்டால் ரசம். தொட்டு விரலைச் சுழற்றினால் ரசத்தில் உப்பு அதிகம்.

3

டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் பழுதுபார்ப்பவர், "கிராஃபிக்ஸ் டிரைவர்தான் தகராறு, அங்கிள்ஜி" என்று இந்தியில் சொன்னார். படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருளுக்கு அந்தப் பெயர். ஜகந்நாதனுக்குக் குழப்பம். ஒவ்வொரு முறையும் ஆகப் புதிய டிரைவரைத்தானே இறக்கிப் போடுகிறார்? புதிய சுற்றறிக்கை வந்தால் பழையது செல்லாது. அலுவலகத்தில் அவர் கற்ற வேதம் அது. இன்னும் புதிதாக ஒன்றை இறக்கினார். மறுபடி நீலம்.

(இங்கே ஒரு கணினி வல்லுநர் கதவைத் தட்ட, சுந்தரவல்லி எழுந்துபோய்... வேண்டாம். அவளே இருக்கிறாளே.)

மடிக்கணினி படுத்த நாட்களை ஜகந்நாதன் எழுதிவைத்த பதிவேட்டைச் சனிக்கிழமை மாலை சுந்தரவல்லி புரட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, தேதி தெரியும்.

"என்னங்க, வாங்கினது ஜனவரியில. ஜூன் முடியற வரைக்கும் இதுல ஒண்ணுமே எழுதலியே?"

"அப்ப கெட்டுப்போகல. எழுதல."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"புது டிரைவர் வந்திருக்குன்னு திரையில நோட்டீஸ் வந்தது. போட்டேன்."

"அச்சா. போட்டப்புறம்தானே படுத்துது. பழசையே போடுங்களேன்."

"பழசு கேன்சல் ஆயிடுச்சு, சுந்தரா."

"யார் கேன்சல் பண்ணா? அந்தப் பழசுலதான் நான் எம் பொண்ணப் பாத்தேன்."

அவர் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். மடிக்கணினியோடு வந்த, பழைய டிரைவர் இருந்த குறுந்தகடு அங்கேயேதான் இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். புதியதை நீக்கிப் பழையதைப் போட்டார். பதிவேட்டில் 'பழைய ஆணை தொடர்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டவர், பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

"நீயும் போடு."

அவள் தமிழில் போட்டாள்.

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் திரை மறுபடி நீலமாகிறது. எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றில் இந்திராணி தன் கல்யாணத்தைப் பற்றி... அதையும் விட்டுவிட்டேன். மூன்றாவதில் திரை அணையாமல் நிற்கிறது. அதுதான் நடந்தது.

ஞாயிறு பதினோரு மணிக்குத் திரையில் இந்திராணி வலது கையைக் காதருகே கொண்டுபோனாள். பிறகு நெஞ்சில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.  சுந்தரவல்லி அழுதாள், சிரித்தாள், அதே சைகையைத் திருப்பிச் செய்தாள்.

"என்ன சொல்றா?" என்றார் ஜகந்நாதன்.

"உங்க வழியா வேண்டாம்னுதானே எழுதியிருந்தா?"

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நானும்தான். அவள் காதைப் பறித்த எனக்கு அவள் பேச்சைக் கற்கும் பொறுமை இருக்கவில்லை. அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் ஒருமுறை செய்துபாருங்கள். காதருகே கை, பிறகு நெஞ்சு, பிறகு ஒவ்வொரு விரலாக. ஏதாவது புரிந்தால் அதுதான் முடிவு. என் வழியாக வேண்டாம்.