பாதிக் கொப்பு

மெற்றில்டா அந்தப் பச்சை மரக் கொப்பை மூன்றாவது தடவையாகக் கணவர் கிறிஸ்துராஜாவின் கோட்டுப் பைக்குள் செருகினாள். முதல் இரண்டு தடவையும் அதை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தவள் செல்வமலர். இறந்தவரின் ஒரே தங்கை என்ற உரிமையில், காலை எட்டு மணியிலிருந்து பெட்டியின் தலைமாட்டை விட்டு அவள் அசையவில்லை.

"மச்சாள், கையில செபமாலை கிடக்கு. அது காணும். உதென்ன, கிறிஸ்மஸ் நேரம் மாதிரி நத்தார் மரக் கொப்பு? சனம் என்ன நினைக்கும்?"

"சனம் அவர் உயிரோட இருக்கேக்கையே நினைச்சு முடிச்சிட்டுது. இருக்கட்டும், விடுங்கோ."

லண்டனின் மிச்சம் பகுதியில், ட்ராம் போகும்போது கண்ணாடி மெல்ல அதிரும் ஒரு மண்டபத்தில் அவரைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பத்தரைக்குப் பெட்டியை மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பங்குச் சனம் ஒரு பக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. மறுபக்கக் கதிரைகளில் கழுத்தில் பச்சை ரை கட்டிய ஐந்து வெள்ளைக்காரர்கள் முழங்காலில் கையை வைத்து நிமிர்ந்து இருந்தார்கள். வேட்டைக் கிளப்காரர்கள். சனத்தின் கண் அடிக்கடி அந்தப் பக்கம் போய்வந்தது.

சனம் நினைத்ததில் முழுப் பிழையும் இல்லை. டூட்டிங் கடையில் இறைச்சி வெட்டுகிற ஒரு மன்னார்க்காரர் சனிக்கிழமைகளில் துவக்கோடு காட்டுக்குப் போகிறார் என்றால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? அதுவும் இந்த வருடம். சித்திரையிலும் வைகாசியிலும், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி எல்லாரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்ற நாட்களில், ஒருத்தி மெற்றில்டாவின் காதுக்குள் கேட்டாள், "உங்கட வீட்டில துவக்கு இருக்காமே?" மெற்றில்டா குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள், "ஓம், மூண்டு இருக்கு. மானுக்கு."

அவளுக்கு அந்தத் துவக்குகளில் ஆசை எதுவும் இருந்ததில்லை. பெருமை மட்டும் இருந்தது. எண்பத்தைந்தில் ஜேர்மனிக்குப் போய், காட்டோரத்து விடுதி ஒன்றில் கோப்பை கழுவிய மனிதர் கிறிஸ்துராஜா. விடுதிக்காரன் வேட்டைக்குப் போகும்போது நாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். பிறகு அந்த நாட்டுக்காரரே இரண்டு மூன்று தரம் கோட்டைவிடுகிற வேட்டைச் சோதினையை எழுதினார். மரத்தின் பெயர், மிருகத்தின் நோய், சட்டம், சுடுவது, எல்லாம் ஜேர்மன் மொழியில். முதல் தரமே பாஸ். அவர் பாடமாக்கியதை இரவிரவாகக் கேட்டுத் திருத்தியவள் மெற்றில்டா. நரியின் பல் எத்தனை என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியும்.

மகள் பெனிற்றாவின் படிப்புக்காக லண்டன் வந்து ஆறு வருடம். இங்கேயும் பொலிஸ் வந்து வீட்டைப் பார்த்து, படிக்குக் கீழே இரும்பு அலுமாரி பூட்டியிருப்பதைப் பார்த்து, துவக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்தது. அலுமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று பத்திரக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாதாம். பெண்சாதிக்கும் தெரியக்கூடாதாம். ஆறு வருடமாக மெற்றில்டாவுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு ஊசி எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவளுக்கு அது சின்ன எரிச்சல் இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் கிழமை, இனித் திரும்பி வரமாட்டோம் என்று விளங்கியதும், அவர் பொலிசைக் கூப்பிடச் சொன்னார். தாதி பயந்துபோனாள். வந்த அதிகாரியின் காதுக்குள் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னார். அதிகாரி நேரே வீட்டுக்கு வந்து, சாமி மேசையிலிருந்த அந்தோனியாரை மரியாதையாகத் தூக்கி, சுரூபத்தின் அடிக்குழிக்குள் விரலை விட்டுச் சாவியை எடுத்தார். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர், ஆறு வருடம் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை! அன்றைக்கு மெற்றில்டா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். துவக்குகளை எண்ணி எடுத்த அதிகாரி, "இவ்வளவு ஒழுங்கான ஆளை நான் கண்டதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சை அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டிலோரம் இருந்து அவருக்குச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார்.

கிளப்பின் செயலாளர் மிஸ்டர் வெல்லர் எழுந்து அவளிடம் வந்தார். எழுபது வயது. வலது தோள் முறிந்து பொருந்தியது, அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. பெனிற்றா தாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸிஸ் ராஜா," என்று இங்கிலீசில் மெதுவாகச் சொன்னார். "மூடுவதற்கு முதல் நான் இரண்டு வார்த்தை பேசலாமா? அவர் கடைசியில் எங்களோடு சேர்ந்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டும்."

"என்ன சேர்ந்தது?"

வெல்லர் உள்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து விரித்தார். அரசாங்கத்துக்குப் போகப்போகிற மனு. பெரிய மான்களையும் சின்ன ரவைத் துவக்கால் சுடச் சட்டம் இடம் தரவேண்டும் என்று கேட்கிற மனு. கீழே பெயர்கள். முதலாவது பெயர் கிறிஸ்துராஜா. பக்கத்தில் அவருடைய கையெழுத்து, வளைந்த வாலோடு.

 அந்த வால் மெற்றில்டா போட்ட வால்.

ஜேர்மனியிலிருந்தே வீட்டில் அப்படித்தான். படிவம் என்றால் கிறிஸ்துராஜாவுக்கு ஆகாது. கவுன்சில், காஸ், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் அவருடைய கையெழுத்தை மெற்றில்டாதான் போடுவாள். துவக்குச் சம்பந்தமானதை மட்டும் அவர் தானே இருந்து வாசித்துப் போடுவார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிய அந்த நாட்களில் மேசையில் கடிதங்கள் குவிந்தன. ஒருநாள் இருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தாள். கிளப்பிலிருந்து வந்ததை வருடாந்த அங்கத்துவம் என்று நினைத்தாள். பெயர் வெட்டுப்பட்டுப் போகக்கூடாதே என்று 'ஓம்' பெட்டிக்குள் சரி போட்டு, வளைந்த வாலோடு கையெழுத்தும் போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்தாள்.

எந்த மனுவுக்கு எதிராக அவர் வைகாசியிலிருந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தாரோ, அந்த மனுவுக்கு.

வெல்லர் கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தோளுக்குப் பெரிய துவக்கின் உதை தாங்காது. இப்போதைய ரவைகள் நல்லவை, பட வேண்டிய இடத்தில் பட்டால் சின்னதே காணும் என்பது அவர் கட்சி. கிறிஸ்துராஜா குசினியில் நின்று, தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்குப் பதில் சொல்லுவார், வெல்லர் எதிரில் நிற்பதுபோல. "சின்ன மானுக்குச் சின்னத் துவக்கு, சட்டம் விட்டிருக்கு. அதைச் சுடட்டும். பட வேண்டிய இடத்தில படும் எண்டு ஆர் சொன்னது? நான் நல்லாச் சுடுற நாளுக்குச் சட்டம் தேவையில்லை மெற்றில்டா. நான் பிழைவிடுற நாளுக்குத்தான் சட்டம்."

அவர் கண்ட ஒரு நாள் இருந்தது. விடுதிக்கு வந்த விருந்தாளி ஒருவன் சின்னத் துவக்கால் பெரிய கொம்பு மான் ஒன்றைச் சுட்டான். மான் விழவில்லை, ஓடியது. கிறிஸ்துராஜா நாயோடு பனிக்குள் இரண்டு நாள் இரத்தத் துளி பார்த்துப் போனார். கண்டபோது அது உயிரோடு கிடந்தது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்ததாம். அவர்தான் அதன் வேதனையை முடித்துவைத்தார். அந்த ஊர் முறைப்படி, சுட்டவனுக்கு வேட்டைத் தலைவன் பச்சைக் கொப்பு ஒன்று கொடுப்பான். காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் இருந்தால், சுட்டவன் அதை முறித்துப் பாதியை அவனுக்குக் கொடுக்கவேண்டும். கிறிஸ்துராஜாவுக்குக் கிடைத்த பாதிக் கொப்பு காய்ந்து பொடியாகி அவருடைய செபப் புத்தகத்துக்குள் கிடந்தது. கிளப்காரருக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சலிக்க வைத்திருந்தார்.

"அம்மா, என்ன?" பெனிற்றா தாயின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

மெற்றில்டா அவளை ஓரமாக இழுத்துத் தமிழில் சொன்னாள். பெனிற்றாவின் முகம் வெளுத்தது.

"ஓ மை கோட். அம்மா, ப்ளீஸ், லீவ் இட். இண்டைக்கு வேண்டாம். ஒருத்தருக்கும் தெரியாது. ஃபோர்ஜரி எண்டு சொல்லுவினம்."

கேட்டுக்கொண்டு நின்ற செல்வமலரும் சேர்ந்துகொண்டாள். "பிள்ளை சொல்லுறது சரி மச்சாள். அண்ணை போட்டார். இனி எந்தத் துவக்கால சுட்டா என்ன? செத்த வீட்டில போய்க் கள்ளக் கையெழுத்துக் கதை கதைக்கிறதோ? ஃபாதரும் நிக்கிறார்."

மெற்றில்டா பெட்டிக்குள் பார்த்தாள். செபமாலை சுற்றிய அந்தக் கைகள் ஒரு கவுன்சில் படிவத்தைக்கூடத் தொட்டதில்லை. சாகக் கிடந்தும் ஒரு சாவிக்காகப் பொலிசைக் கூப்பிட்ட மனுசன். அவர் பெயரில் ஒரு பொய், முதலாவது வரியில், அரசாங்கம் வரைக்கும் போகப்போகிறது. மூடி போட்டால் அவர் இனி மறுத்துப் பேசவும் ஏலாது. வெட்கம் தன்னுடையது, பெயர் அவருடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

வெல்லர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். செபமாலை நின்றது.

"ராஜா எங்களோடு நிறைய வாதாடினார்," என்று தொடங்கினார். "ஆனால் ஒரு பெரிய மனிதனால்தான் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள முடியும். போன மாதம் அவர்..."

"மிஸ்டர் வெல்லர், நிற்பாட்டுங்கள்."

மெற்றில்டாவுக்கு ஜேர்மன் ஓடும், இங்கிலீஸ் தட்டுத்தடுமாறும். இன்றைக்கு அவள் தடுமாற்றத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அது அவர் கை இல்லை. என் கை. நான் வாசிக்கவில்லை. கிளப் அங்கத்துவம் என்று நினைத்து நான் போட்டேன். அவருக்குத் தெரியாது."

மண்டபத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பின்னால் இருந்த ஒரு பச்சை ரைக்காரர் கேட்டார், "ஆனால் அது ராஜாவின் கையெழுத்தேதானே?"

"இருபது வருடமாக நான்தான் போடுகிறேன்," என்றாள் மெற்றில்டா. "அவரைவிட நான் நன்றாகப் போடுவேன்."

செல்வமலர் கையால் வாயைப் பொத்தினாள்.  பெனிற்றா நடந்துவந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கணவர் எண்ணத்தை மாற்றவில்லை," மெற்றில்டாவின் குரல் உயர்ந்தது. "பெரிய மானுக்குச் சின்னத் துவக்கு கூடாது. நன்றாகச் சுடுகிற நாளுக்குச் சட்டம் தேவையில்லை, பிழைவிடுகிற நாளுக்குத்தான் சட்டம் என்று சொல்லுவார். நான் ஒருபோதும் படிவத்தில் பிழைவிட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். பேனை தாருங்கள்."

 வெல்லரின் முகம் சிவந்திருந்தது. எதிர்த்து நின்றவருடைய அந்த முதல் பெயர் போனால் அந்த மனுவின் கனமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவர் கடதாசியை விரித்து, பேனையைத் திறந்து, அவளிடம் நீட்டினார். மெற்றில்டா பெட்டியின் விளிம்பில் வைத்து அந்த வரியை வெட்டினாள். வெட்டின இடத்துக்குப் பக்கத்தில், வெட்டியது தான்தான் என்று தன் பெயரை எழுதி, தன்னுடைய கையெழுத்தைப் போட்டாள். அதற்கு வால் இல்லை.

"நான் இப்போதும் அவரோடு ஒத்துக்கொள்ளவில்லை," என்றார் வெல்லர்.

"தெரியும். அவருக்கும் தெரியும்."

பெட்டியை மூடுகிறவர்கள் வந்தார்கள். செல்வமலர் குனிந்து அண்ணனின் நெற்றியில் முத்தமிட்டாள். கோட்டுப் பையில் சரிந்து கிடந்த கொப்பை நிமிர்த்திவிட்டு, மெற்றில்டாவைப் பார்க்காமல் விலகினாள்.

சவக்காலையில் காற்றுக் குளிராக இருந்தது. வீட்டுத் தோட்டத்து நத்தார் மரத்தில் வெட்டிய கொப்புகளை மெற்றில்டா ஒரு கூடையில் கொண்டுவந்திருந்தாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடிந்ததும் சனம் பூவும் மண்ணும் போட்டது. கிளப்காரர் ஒவ்வொருவராக வந்து கூடையில் ஒரு கொப்பை எடுத்துக் குழிக்குள் போட்டார்கள், ராஜா சொல்லித் தந்த முறைப்படி. தொப்பியைக் கழற்றினார்கள். கடைசியாக வெல்லர் வந்தார்.

அவர் இடது கையால் கொப்பை எடுத்தார். எழும்பாத வலது கையை நெஞ்சோடு வைத்து, இரண்டு கையாலும் அதை வளைத்தார். பச்சைக் கொப்பு இலேசில் முறியவில்லை. முறுக்கி, தோல் கிழிய, இரண்டாக்கினார். ஒரு பாதியைக் குழிக்குள் போட்டார். மறு பாதியைக் கொண்டுவந்து மெற்றில்டாவிடம் நீட்டினார்.  அவள் வாங்கிக்கொண்டாள்.

"வாட்ஸ் தட் ஃபோர், அம்மா?" காரில் பெனிற்றா கேட்டாள்.

"அப்பான்ர ஆக்கள்ட முறை," என்றாள் மெற்றில்டா. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் செல்வமலர் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள். வந்த சனம் சப்பாத்தைக் கழற்றி வாசலில் குவித்தது. மெற்றில்டா கோட்டைக் கழற்றாமலே சாமி மேசைக்குப் போனாள். அந்தோனியாரைத் தூக்கினாள். சாவி இருந்த குழி வெறுமையாக இருந்தது. பாதிக் கொப்பை அதற்குள் மெல்லச் செருகி, சுரூபத்தைப் பழைய இடத்தில் நேராக வைத்தாள்.