மழையங்கிக்குப் பழகிய நாய்

"இழுத்தா நடக்காது, யாலின். திரும்பி ஓட வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இது முன்னால ஓர் அடி வைக்குமாம்."

"யாரு சொன்னா?"

"நாய்க் காப்பகத்துல இருந்த பொண்ணு."

"அழகா இருந்தாளே, அவளா?"

"நான் நாயைத்தான் பாத்தேன்."

"பொய். நாயை யாராலயும் பாக்க முடியல. அது பெஞ்சுக்கடியில ஒளிஞ்சிட்டு இருந்துச்சு."

வசந்த காலத்தில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது பேசிக்கொண்டது இது. யூசெங் ஓட்டினான், யாலின் பின்னால் உட்கார்ந்திருந்தாள், அவன் கால்களுக்கு நடுவே அந்தப் பழுப்பு நாய் சுருண்டு கிடந்தது. அன்று இருவரும் சிரித்தார்கள். குளிர் காலம் வந்த பிறகு யாலின் அந்தப் பேச்சை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சிரிக்க அதில் ஒன்றும் அகப்படவில்லை.

நாய்க்கு மீகாவ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குப் பயம் இல்லாத பொருளே சியாயீ ஊரில் கிடையாது. ஸ்கூட்டர், துடைப்பம், குப்பை வண்டியின் பாட்டு எல்லாமே அதை நடுங்க வைத்தன. மழையங்கி போட்ட ஆளைக் கண்டால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். காலையில் யூசெங் நடத்திக்கொண்டு போவான். சாயங்காலம், கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து யாலின் போவாள். தெருமுனை ஸ்கூட்டர் பட்டறைக்கு எவ்வளவோ முன்பே நின்றுவிடுவாள். நாயின் காது பின்னுக்குப் போகாத தூரம் எது என்று பார்த்து, அங்கே குனிந்து கோழி ஈரல் துண்டு போடுவாள். காது மடங்கினால் பேசாமல் திரும்பிவிடுவாள். இத்தனை மாதத்தில் அவளும் மீகாவும் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை.

குளிர் காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் மீகாவ் பட்டறையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டியது. யாலின் கையிலிருந்த கயிறு விறைத்தது. இரண்டு சந்து கடந்து மூன்றாவதில் திரும்பி, ஒரு சிவப்பு இரும்புக் கதவின் முன் உட்கார்ந்து வாலை ஆட்டத் தொடங்கியது. அந்த வாலாட்டலை அவள் அதற்கு முன் கண்டதில்லை. கதவுக்கு வெளியே பெண்கள் போடும் சின்ன ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. பக்கத்து ஆணியில் ரோஜா நிற மழையங்கி ஒன்று தொங்கியது. மீகாவ் எழுந்து போய் அதன் விளிம்பை நக்கியது.

யாலின் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"காலையில எந்தப் பக்கம் போனீங்க ரெண்டு பேரும்?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"எப்பவும் போல பூங்காவைச் சுத்தித்தான்," என்றான் யூசெங், சூப்பைப் பார்த்துக்கொண்டே.

அதன் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகத் தெரிந்தது. மீகாவின் நகங்கள் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தன. யூசெங்குக்கு அவன் நகத்தையே ஒழுங்காக வெட்டத் தெரியாது. காலை நடை முடிந்து வரும் நாயின் வாயில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மணத்தது. சின்ன வயதில் தின்று சலித்தேன் என்று கிழங்கு விற்கும் கடைப் பக்கமே போகாதவன் யூசெங். வீட்டில் அவள் பெருக்கும்போது நாய் துடைப்பத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தது. யாரோ ஒருத்தி அதன் எதிரில் பொறுமையாக, தினந்தோறும், பெருக்கிக் காட்டியிருக்கிறாள்.

குப்பை வண்டிக்காகப் பையோடு நிற்கும்போது மாடி வீட்டு ரூவான் அக்கா வேறு ஆரம்பித்தாள். "என்னடி, உன் வீட்டுக்காரன் நாயை நடத்துறானா, இல்ல நாய் அவனை நடத்துதா? போனா வர்ற வழியக் காணோமே."

"நாய்க்குப் பயம் அக்கா. மெதுவாத்தான் வரும்."

"நாய்க்குப் பயம், சரி. உனக்கு இல்லையா? என் வீட்டு ஆளா இருந்தா கயித்தை அவன் கழுத்துல கட்டியிருப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாலினும் சிரித்து வைத்தாள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா, தைப்பேயில் வேலை கிடைத்திருக்கிறது என்று அப்பா வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போனவள்; பிறகு வரவேயில்லை. போவதற்கு முந்தைய வாரமெல்லாம் அம்மா ரொம்பப் பிரியமாக இருந்தாள். யூசெங்கும் இப்போதெல்லாம் ரொம்பப் பிரியமாக இருந்தான். இந்த முறையாவது, விட்டுப் போகிறவர் போவதற்கு முன் விஷயம் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாலின் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் நாயோடு கிளம்பியதும் அவளும் கிளம்பினாள். கடைகளின் முன்னால் தூண் தூணாக மறைந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு இடையே புகுந்து பின்தொடர்ந்தாள். சிவப்புக் கதவுச் சந்தின் முனையில் நின்று எட்டிப் பார்த்தாள்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் சந்தில் ஒருத்தி ரோஜா நிற மழையங்கி போட்டு, அங்கியின் தலைமூடியை இழுத்துவிட்டு நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் துடைப்பம். மற்றொரு கையால் கிழங்குத் துண்டுகளைத் தரையில் போட்டுக்கொண்டே போனாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மீகாவ் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு போனது. கயிற்றைத் தளர விட்டபடி யூசெங் சொன்னான், "பாருங்க, இன்னிக்கு உங்க பக்கத்துலயே வந்துடுச்சு!" அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்று யாலின் கத்தினாள்.

மீகாவ் பொத்தென்று தரையில் விழுந்தது. அதன் அடியில் ஈரம் பரவியது.

மழையங்கிக்காரி திரும்பாமலே துடைப்பத்தை மெல்லக் கீழே வைத்தாள். "சத்தம் போடாத," என்றாள். "திட்டு. மெதுவாத் திட்டு."

அந்த அதட்டாத குரல் யாலினுக்கு எங்கேயோ கேட்டதாக இருந்தது. மழையங்கிக்காரி தலைமூடியைத் தள்ளிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பினாள். நரைத்த முடி. அதற்குக் கீழே, யாலின் கடைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற தன் தாடையே.

நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் முன் நிமிர்ந்து நிற்கக் கூடாது, நேராகப் பார்க்கக் கூடாது. வேறு வழியில்லாமல் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தில் குந்தினார்கள்.

"அடப்பாவி," என்றாள் யாலின், தாலாட்டுகிற குரலில். "இவங்களை எங்க பிடிச்ச?"

"கோயில் ஊர்வலத்துல பட்டாசு வெடிச்சப்ப மீகாவ் கழுத்துப் பட்டையை உருவிட்டு லாரிக்கடியில பூந்துடுச்சு," என்று யூசெங் கிசுகிசுத்தான். "இவங்கதான் முதுகைக் காட்டிட்டு உக்காந்து, இருட்டுற வரைக்கும் கிழங்கு போட்டு வெளிய கொண்டுவந்தாங்க. நேரமாகும்னு உனக்குப் போன் பண்றப்ப உன் பேரைச் சொன்னேன். இவங்க முகமே மாறிடுச்சு."

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நான்தான் வேணாம்னேன்," என்றாள் அம்மா. "தெரிஞ்சா நீ வீட்டை மாத்திடுவ."

"மாத்தியிருப்பேன்." யாலினுக்கு மூச்சு வாங்கியது. நாய்க்காக அதையும் அடக்கினாள். "நாயைப் பழக்கின மாதிரி என்னையும் பழக்கிடலாம்னு ரெண்டு பேருமா திட்டம் போட்டீங்களா?"

"நீ இந்த ஊருன்னு தெரிஞ்சுதான் வந்தேன். அது நிஜம். கதவைத் தட்டத்தான் தைரியம் இல்ல. அப்புறம் இது வந்துச்சு."

"எதுக்கு வந்தீங்க? உடம்பு முடியலையா? கடைசிக் காலத்துல பாத்துக்க ஆள் வேணுமா?"

"கை கால் நல்லா இருக்கு. சாப்பாட்டுக் கடையில காய் நறுக்கறேன்."

"சும்மா யாரும் மூணு சந்து தள்ளி வந்து உக்கார மாட்டாங்க. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"பொய்."

"அத்தை," என்றான் யூசெங், "என்கிட்ட தினமும் சொல்லிப் பாக்குறீங்களே. அதை அவகிட்ட சொல்லிடுங்க."

சந்தில் சில வாசல்களில் புது வருஷத்துச் சிவப்புத் தாள்கள் ஒட்டியிருந்தார்கள். வருஷத்தின் இரண்டாம் நாள் கல்யாணமான பெண்களெல்லாம் தாய் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். அன்று யாலின் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவாள். அவளை அழைக்க யாரும் இருந்ததில்லை.

மீகாவ் தலையைத் தூக்கியது. வயிற்றால் தவழ்ந்து வந்து, யாலின் கால் பக்கத்தில் கிடந்த கிழங்குத் துண்டை எடுத்துக்கொண்டது. அதற்காகவே காத்திருந்தவள் போல அம்மா தொண்டையைக் கனைத்தாள். பார்வை மட்டும் தரையிலேயே இருந்தது.

"ரெண்டாம் நாள் பட்டாசு வெடிப்பாங்க. இதை நடத்தாத, தூக்கிட்டே வா," என்றாள். "மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாம்மா."