கண் சிமிட்டும் கணிப்பொறி

கெய்ரோவில் அந்தக் கணிப்பொறி மையத்துக்குக் கர்னல் மித்ஹத்தை இயக்குநராகப் போட்டதற்கு ஒரே காரணம், அவர் பீரங்கிப் படையில் இருந்தவர் என்பது. பீரங்கிக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்குக் கணிப்பொறி வேண்டும். ஆகவே கர்னல். அறுபதுகளின் தொடக்கத்தில் இதைவிட மோசமான காரணங்களுக்கெல்லாம் பதவி கிடைத்துக்கொண்டிருந்தது.

இயந்திரம் வந்து இறங்கியபோது கூடவே நான்கு ஏ.சி. பெட்டிகளும் வந்தன. இரண்டு கர்னலின் அறைக்குப் போயின. "மெஷினுக்கு வேர்க்காது" என்றார். இன்னொன்று அவருடைய மாமியார் வீட்டுக்குப் போனது. மிச்சமிருந்த ஒன்றின் தயவில் ஒரு கூடம் நிறையக் கண்ணாடி வால்வுகள் வெந்துகொண்டிருந்தன. வெடித்த வால்வுகளைக் கழற்றி மாற்றியே பராமரிப்புப் பொறியாளர் வஹ்பாவின் விரல் நுனிகள் கன்றிப் போயிருந்தன.

அந்த இயந்திரத்தை உண்மையில் பயன்படுத்தியவள் இன்ஷிரா ஒருத்திதான். தெற்கேயிருந்து தந்தியில் வரும் நீர்மட்டங்களை வைத்து, நைல் எப்போது எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் நிரலை இரண்டு வருடமாக எழுதித் திருத்தியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஓடவிட்டாள். மாலையில் விடை வரும். மறுநாள் பாசனக் குழு கூடுகிறது. ஆற்றுத் திட்டுகளில் மக்காச்சோளம் போட்டிருப்பவர்களை முன்கூட்டியே அறுக்கச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக அந்தக் குழுவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது, கைப்பிடி சுற்றும் இயந்திரங்களோடு குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருக்கும் பழைய கூடம். இந்த வருடம் சாதாரண வெள்ளம்தான் என்று அது சொல்லிவிட்டது. இன்ஷிராவின் சோதனை ஓட்டங்கள் அப்படிச் சொல்லவில்லை. குழு கூடும்போது தன் விடை மேஜைமேல் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் கர்னல் வந்தார். இயந்திரத்தின் முகப்பில் இருந்த விளக்குகளை உற்றுப் பார்த்தார்.

"என்ன இது, தூங்குதா?"

"ஓடிக்கிட்டு இருக்கு, கர்னல்."

"விளக்கு அசையவே இல்லையே?"

"அசையுது. ரொம்ப வேகமா அசையறதால மங்கலா ஒரே வெளிச்சமாத் தெரியுது."

"கண்ணுக்குத் தெரியாத வேகம் எனக்கு எதுக்கும்மா? மத்தியானம் மந்திரி வர்றாரு, பத்திரிகைக்காரங்களோட. இதைப் பாத்தா மெஷின் செத்துப்போச்சு, துணி போட்டு மூடுங்கன்னுவாரு. போன வருஷ விழாவுக்கு ஒண்ணு எழுதினியே, விளக்கெல்லாம் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு ஓடுமே? அதைப் போடு."

"அதைப் போட்டா காலையிலேருந்து பண்ணின கணக்கு மொத்தமும் அழிஞ்சிடும்."

"அழிஞ்சா மறுபடி போடு. மெஷின்தானே, அலுத்துக்கவா போகுது?"

போய்விட்டார். இரவில் மையத்தைப் பூட்டிவிடுவார்கள்; மறுநாள் மறுபடி போட்டால் குழு கலைந்து வீட்டுக்குப் போன பிறகுதான் விடை வரும்.

வஹ்பா வாயில் இருந்த அவரை வடையை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "இந்த ஆளுக்கு வேண்டியது கணிப்பொறி இல்ல. ரமலான் விளக்கு."

"சிரிக்காத வஹ்பா. என்ன செய்யறது?"

வஹ்பா கொஞ்ச நேரம் முகப்பைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான். அவன் மச்சான் ஒரு சினிமாத் தியேட்டரில் வேலை பார்த்தான். திரும்பி டாக்ஸியில் வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு மர உருளையும் மோட்டாரும் வஹ்பாவின் மடியில் இருந்தன. வாசல் பலகையில் நடிகையின் பெயரைச் சுற்றி விளக்குகளை ஓடவைக்கும் உருளை.

"மத்தியான ஆட்டத்துக்கு அந்தம்மா இருட்டுல நிக்கட்டும்" என்றான். முகப்பு விளக்குகளின் கம்பிகளைக் கணிப்பொறியிலிருந்து பிரித்து உருளையோடு சேர்க்க ஆரம்பித்தான். "உள்ளே உன் கணக்கு பாட்டுக்கு ஓடும். வெளியே இது ஓடும்."

"இது ஏமாத்து வேலை."

"உனக்குக் கணக்கு வேணுமா, மானம் வேணுமா? ரெண்டும் கிடைக்கிற ஆபீஸ் இது இல்ல, தாயே."

இன்ஷிரா அவனுக்கு டார்ச் பிடித்தாள்.

மந்திரி வந்தார். விளக்குகள் அலை அலையாக ஓடின. நடுவில் சந்தித்தன, பிரிந்தன, மறுபடி துரத்தின. மந்திரியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. கர்னலின் மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

"இப்ப எதைப் பத்தி யோசிக்குது?" என்றார் மந்திரி, தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"நைலைப் பத்திங்கய்யா" என்றார் கர்னல்.

"என்ன சொல்லுது?"

கர்னல் விளக்குகளை நெருங்கி, கண்ணைச் சுருக்கிப் படித்தார். தியேட்டர்காரன் விளம்பரத்தை அப்படிப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

"சாதாரண வெள்ளம்தானாம். கவலைப்பட ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது."

"இன்னும் முடியலைங்க, சாயங்காலம்தான்..." என்று இன்ஷிரா குறுக்கிட்டாள்.

"கூச்சப்படுது பொண்ணு" என்றார் கர்னல். எல்லோரும் சிரித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மாலையில் உண்மையான விடை வந்தது. சமீப வருடங்களில் இல்லாத வெள்ளம். திட்டுகள் முழுகும். இன்ஷிரா சரிபார்த்துவிட்டு அந்தத் தாளைக் கர்னலிடம் கொண்டுபோனாள்.

"மெஷின்தான் மத்தியானமே சொல்லிடுச்சே?"

"அது முடிவான விடை இல்ல, கர்னல்."

"ஒரே மெஷின் ஒரே நாள்ல ரெண்டு பேச்சு பேசலாமா? மந்திரி கேட்டுட்டாரு. நாளைக்குப் பேப்பர்ல வருது. இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

உருளையைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வஹ்பாவின் வேலை போகும்.

மறுநாள் குழு கூடுவதற்கு முன்பே பாசன அலுவலகத்துக்குப் போனாள். குழுவின் தலைவர், தலைமைப் பொறியாளர் ஹம்ஸாவி, மோசமான மனிதர் அல்ல. தாளை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார். பக்கத்தில் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. கர்னல், மந்திரி, நடுவே விளக்குகள்.

"நேத்து ஒண்ணு சொல்லியிருக்கு, இன்னிக்கு ஒண்ணு சொல்லுது. நான் எதைம்மா நம்பட்டும்?"

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"நேத்து மந்திரி பாத்தது கணிப்பொறியை இல்ல சார். சினிமாத் தியேட்டர் விளக்கை."

ஹம்ஸாவி ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார். தேநீர் வந்தது.

"இவங்களுக்கும் சொல்லும்மா. கர்னல் எப்படிப் படிச்சாரு?"

சொன்னாள். சிரித்து முடித்தால் தாளைப் படிப்பார்கள் என்று நினைத்துச் சொன்னாள். புதிதாக வந்தவர்களுக்கு மறுபடியும் சொன்னாள். அந்த நடிகை யார் என்று கேட்டார்கள். அதையும் சொன்னாள்.

ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் தாளை எடுத்து உயரப் பிடித்தார்.

"அப்ப இது? இது எந்தத் தியேட்டர்ல ஓடுது?"

மறுபடி சிரிப்பு. ஹம்ஸாவி அந்தத் தாளை வாங்கி, மடித்து, அன்பாகவே அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பழைய கூடத்துக் கணக்கையே வெச்சுக்கறோம் மகளே. கைப்பிடி சுத்துறவன் பாவம், வித்தை காட்டத் தெரியாதவன்."

குழு உள்ளே போனது. திட்டுக்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளம் இன்ஷிராவின் தாளில் இருந்த வாரத்தில், தாளில் இருந்த உயரத்துக்கு வந்தது. முதலில் மக்காச்சோளப் பயிரின் நுனிகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் கர்னலைத் தேடி வந்தார்கள். அவர் கலங்கவில்லை.

"மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு" என்றார். "ஆறுதான் கேக்கல."