கொலையானவர் கேட்ட கேள்வி

"யார்டி அவன்?" என்று கேட்டான் மணவாளன்.

பத்து நாளைக்கு முன்பு கொலையாகிப்போனவன் பெண்டாட்டி அமராவதியிடம் கேட்கிற கேள்வி இது.

தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் 'துப்புச் சங்கு' வாரப் பத்திரிகை. 'திருப்பாதிரிப்புலியூரில் பயங்கரம்! கள்ளக்காதலனோடு சேர்ந்து கணவனைத் தீர்த்துக்கட்டிய அழகி!' கீழே அமராவதியின் படம்.

நடந்தது இவ்வளவுதான். மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறிய மணவாளன் பாசியில் வழுக்கி ஏணியோடு விழுந்தான். அமராவதிதான் ஆட்டோ பிடித்து, அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் ரத்தக்கறைப் புடவையோடு நின்றவளை ஒருவன் பேரும் தெருவும் கேட்டு, செல்போனில் படம் பிடித்தான். ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஏணியைச் சொன்னாள், பாசியைச் சொன்னாள். பாசியில் வழுக்கியவன் கதையை எவன் படிப்பான்? அதனால் எழுதியவன் ஒரு கள்ளக்காதலனைச் சேர்த்துக்கொண்டான். கள்ளக்காதலன் வந்துவிட்ட பிறகு புருஷன் பிழைத்திருப்பது கதைக்கு ஒத்துவரவில்லை. போகட்டும் என்று அவனையும் கொன்றுவிட்டான். நாற்பத்து மூன்று வயது அமராவதிக்கு இருபத்தெட்டு வயது போட்டு, 'ஆசை அடங்காத கண்கள்' என்றும் எழுதியிருந்தான். அழுது வீங்கிய கண்கள் அவை.

கள்ளக்காதலனுக்குப் படமில்லை. கறுப்பாக ஒரு நிழல் உருவம், அதன்மேல் வெள்ளைக் கேள்விக்குறி.

"ஏங்க, உங்கள கொன்னுட்டதாவும்தான் போட்டுருக்கான். நீங்க கஞ்சி குடிச்சிகிட்டு உக்காந்துருக்கீங்க. அது பொய்யின்னா மத்தது மட்டும் எப்பிடி நெசமாவும்?"

"செத்தத தப்பா போட்டுட்டான். அவசரத்துல எழுதுறவன்தான? ஆனா ஒரு பொம்பளய பத்தி சும்மா எழுதுவானா?"

அன்றிலிருந்து அந்த நிழலுக்கு ஆள் தேடுவதே அவனுக்கு வேலையானது. நிழலுக்குச் சுருட்டை முடி. பால் ஊற்றுகிற தேவநாதனுக்கும் சுருட்டை முடி. அறுபது வயது மனிதரை வாசலில் பக்கவாட்டில் நிற்கவைத்து, பத்திரிகையைத் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தான். பயந்துபோன தேவநாதன் மறுநாள் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். அதுவே சாட்சியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை புவனகிரியிலிருந்து மணவாளனின் அண்ணன் சடையப்பனும் தங்கை பொன்னியும் வந்தார்கள். ஏணியிலிருந்து விழுந்ததை அமராவதி அன்றைக்கே போனில் சொல்லியிருந்தாள். பத்திரிகையைப் பார்த்த பிறகு அதை யார் நம்புவது? சடையப்பன் கையில் பெரிய ரோஜா மாலை இருந்தது. தம்பி உயிரோடிருப்பதைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

தம்பி பிழைத்ததைப் பற்றி யாரும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பொன்னி தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றினாள்.

"இத அடிச்சி சத்தியம் பண்ணு அண்ணி. அப்பிடி ஒருத்தன் இல்லன்னு."

"பண்ணலன்னா?" என்றாள் அமராவதி.

சடையப்பன் தொண்டையைச் செருமினார். "சிந்துஜாவ சிதம்பரம் ஹாஸ்டல்லேருந்து எங்க வூட்டுக்கு அழைச்சிக்கிறோம். படிச்சது போதும். ஆத்தா இப்பிடின்னா பொண்ண எப்பிடி தனியா வுடுறது?"

மகளின் பெயரைக் கேட்டதும் அமராவதி தாம்பாளத்தைத் தள்ளிவைத்தாள். இதுவரை இருந்த பயம் போய்விட்டது.

"மாமா, மொதல்ல உங்க தம்பி சத்தியம் பண்ணட்டும். தான் சாவலன்னு."

"என்னா பேச்சு இது? அவன்தான் கண்ணெதுர உக்காந்துருக்கானே."

"நானும் இருவத்திரெண்டு வருஷமா உங்க எல்லார் கண்ணெதுரயும்தான் இருக்கேன்."

அமராவதி ஜன்னல் கம்பியிலிருந்த மாலையை எடுத்து, தலைக்கட்டு நலுங்காமல் மணவாளன் கழுத்தில் போட்டாள். "பேப்பர்ல போட்டத நம்புறவங்க முழுசா நம்புங்க" என்று சொல்லிவிட்டு, ரெண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். கற்பூரம் தானாகவே அணைந்தது.

மகளின் கல்லூரிக்குப் பக்கத்திலிருந்த மெஸ்ஸில் சமையலுக்குச் சேர்ந்தாள். தங்க ஓர் அறையும் கிடைத்தது. அடுத்த வாரம் சிந்துஜா 'துப்புச் சங்கு' ஒன்றை வாங்கி வந்து படித்துக் காட்டினாள். 'கொலையான கணவர் உயிரோடு வந்த அதிசயம்! அழகி கள்ளக்காதலனோடு தலைமறைவு!'

"வயசு எவ்ளோ போட்டுருக்கான்?"

"இருவத்தஞ்சும்மா."

"போன வாரத்துக்கு மூணு கொறச்சிட்டான்" என்றபடி அமராவதி வெங்காயம் நறுக்கினாள்.

அன்று சாயங்காலம் மணவாளன் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. கட்டு பிரித்தாகிவிட்டதாம், பொன்னி வைக்கிற குழம்பு வாயில் வைக்க முடியவில்லையாம்.

"எப்ப வூட்டுக்கு வருவ?"

"எனக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றாள் அமராவதி. "அடுத்த வாரம் பேப்பர்ல போடுவான். பாத்துக்குங்க."