வீட்டுக்கென்று எழுதிய பன்னிரண்டு வெண்பா

கரவெட்டி மார்க்கண்டர் பகலில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் எழுத்தராய் இருந்து காணி உறுதிப் பத்திரங்கள் எழுதினார். மிஞ்சிய பொழுதில் பாட்டு எழுதினார். முப்பது வருஷத்தில் அவர் எழுதிய ஊஞ்சற்பாக்களும் கலியாண வாழ்த்துகளும் மூன்று கொப்பிகளை நிரப்பியிருந்தன. அயலூர் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. அந்தக் குறை அவருக்குள் முள்ளாகக் கிடந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநான்காம் ஆண்டு அவருடைய ஒரே மகள் அருந்ததி நெருப்புக்காய்ச்சலில் இருபத்தொரு நாள் கிடந்து இறந்துபோனாள். பதினெட்டு வயது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மகள் மேல் பாட்டு எழுதி அச்சடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். மனைவி சின்னாச்சி சம்மதிக்கவில்லை.

"ஊருக்கு ஏன்? எழுதிறதெண்டால் எனக்கு எழுதித் தாங்கோ."

அவர் மூன்றாம் கொப்பியின் கடைசித் தாள்களில் பன்னிரண்டு குறள்வெண்பா எழுதினார். ஒவ்வொன்றும் 'குஞ்சு' என்று முடிந்தது. சின்னாச்சி மகளை வீட்டுக்குள் மட்டும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

*நெற்றியிலே இட்ட நனைதுணி காயுமுன்னே*
*எற்றுக்குப் போனாய்என் குஞ்சு*

அவள் அழுது முடித்துவிட்டு, "இது வெளியிலை போகப்படாது" என்றாள். அவர் தலையாட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிவசுப்பிரமணியம் என்ற தமிழ்ப் பண்டிதர் வடபகுதிப் புலவர்களின் பாட்டுகளைத் திரட்டி ஒரு தொகைநூல் போடுகிறாராம். மார்க்கண்டர் மூன்று கொப்பிகளையும் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

பண்டிதர் நல்ல மனிதர். ஒரு பக்கம் விடாமல் வாசித்தார். "குறை நினையாதேயுங்கோ, ஐயா. உப்பிடி ஊஞ்சற்பாட்டு என்னட்டைக் கட்டுக்கட்டாய்க் கிடக்குது" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் கொப்பியின் கடைசித் தாள்களைப் புரட்டினார். அங்கே நின்றுவிட்டார். பன்னிரண்டு வெண்பாவையும் இரண்டாம் தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஒண்டு காணும், மற்றது வேண்டாம்."

"அது வீட்டுக்கெண்டு எழுதினது."

"அப்ப உங்கடை பேரை இதிலை சேர்க்க எனக்கு வேறை வழியில்லை, ஐயா."

மேசையில் பெயர்ப் பட்டியல் கிடந்தது. அதில் உடுப்பிட்டி நாகலிங்கத்தின் பெயர் இருந்தது. தளை தட்டாமல் நாலடி எழுதத் தெரியாத நாகலிங்கம். மார்க்கண்டர் அந்தப் பெயரைப் பார்த்தபடியே, "போடுங்கோ" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. மகள் போனபின் சின்னாச்சி வாசல் தாண்டுவதில்லை, அதனால் அவள் காதுக்கும் எட்டவில்லை. புத்தகம் வந்தபோது கந்தோர் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தனியே இருக்கும்போது எடுத்துத் தன் பெயர் அச்சில் இருப்பதைப் பார்ப்பார். பத்திரிகைகள் அந்தப் பன்னிரண்டு வெண்பாவையே புகழ்ந்தன. பள்ளிக்கூடங்கள் பாடமாக வைத்தன. தெருவில் முகந்தெரியாதவர்கள் நின்று, "மகளைப் பாடின புலவர் நீங்கள்தானே?" என்று கேட்டார்கள். ஊஞ்சற்பாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தான் வேறும் எழுதியிருப்பதாக முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஓம், நான்தான்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டார்.

முப்பத்தொன்பதில் பக்கத்து ஊர்ப் பெண்பள்ளிக்கூடம் ஒன்று பரிசளிப்பு விழாவுக்கு அவரை அழைத்தது. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து சின்னாச்சியையும் கையோடு கூட்டிப்போனாள். முன்வரிசையில் இரண்டு கதிரை போட்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பில் நாற்பது பிள்ளைகள் மேடையேறி, கைகூப்பி, ஒரே குரலில் தொடங்கினார்கள்.

*நெற்றியிலே இட்ட நனைதுணி...*

சின்னாச்சி திரும்பி அவரைப் பார்த்தாள். பிள்ளைகள் 'குஞ்சு' என்று நீட்டிப் பாடினார்கள், பன்னிரண்டு தரம். அவள் அழவில்லை. கைதட்டு ஓய்ந்ததும் எழுந்து வெளியே நடந்தாள். தாய் மனசு தாங்கவில்லை என்று சபை உருகிப்போனது.

அவர் பின்னால் ஓடினார். பனங்கூடலுக்குள் போகும் ஒழுங்கையில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"ஆர் குடுத்தது?"

"நான்தான்."

"ஏன்?"

"அது நல்ல பாட்டு, சின்னாச்சி."

"ஓம், நல்ல பாட்டுத்தான். அதாலைதானே வெளியிலை விடாதேயுங்கோ எண்டு கேட்டனான். அஞ்சு வருஷமாய் அந்தச் சொல்லை நான் வாய் திறந்து சொல்லேல்லை. இண்டைக்கு அதுகள் சொல்லிக் கைதட்டு வாங்குதுகள்."

அடுத்த நாளே அவர் பண்டிதரிடம் போனார். "அடுத்த பதிப்பிலை அதை எடுத்துவிடுங்கோ."

"எடுத்தால் நீங்களும் இருக்கமாட்டியள், ஐயா."

"நானும் இருக்கத் தேவையில்லை."

பண்டிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாற்பத்தொன்றில் வந்த இரண்டாம் பதிப்பில் மார்க்கண்டர் இல்லை, நாகலிங்கம் இருந்தார். ஆனால் அதற்குள் வேறு இரண்டு பாடப்புத்தகக்காரர்கள் அந்த வெண்பாக்களைப் பார்த்து எழுதிப் போட்டுவிட்டார்கள். ஒருவர் பெயரை விட்டுவிட்டார். மற்றவர், 'எழுதியவர் யாரென்று தெரியவில்லை' என்று அடியில் குறித்திருந்தார்.

அடிக்குறிப்புப் போட்ட அந்தப் பாடப்புத்தகத்தை அவர் சின்னாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ரை பேரை எடுத்தாச்சு."

"பாட்டு?"

"பாட்டு நிக்குது."

அவள் கீரையைச் சுளகில் வைத்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தில் அது இல்லை.

"முந்தியெல்லாம் கண்ணை மூடினால் அவள் 'அம்மா' எண்டு கூப்பிடுறது காதிலை கேக்கும். இப்ப அந்த மேடைப் பிள்ளையளின்ரை சத்தந்தான் கேக்குது. அவளின்ரை குரல் எப்பிடி இருந்தது? உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

மார்க்கண்டர் யோசித்தார். அவருக்கும் ஞாபகம் வரவில்லை.